ஆனந்தின் ஆட்டத்தை நாங்கள் சந்தித்த இடங்கள்

விசுவநாதன் ஆனந்தின் ஆட்டத்தை எப்போது, எவ்வாறு எதிர்கொண்டோம் என்று நண்பர்கள் எழுதிவருவதை ஆர்வத்துடன் வாசித்தேன். பெரும்பாலானோர் அவரது வேகத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் திருகோணமலையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அவரிடம் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. உலகமே போற்றிய ஒரு பாணியைக் கையில் வைத்திருந்த ஒருவர், தேவை வந்தபோதெல்லாம் அதை விட்டுவிட்டுப் புதிய ஆட்டக்காரராக மாறி வந்து அமர்ந்தார்.

1995ஆம் ஆண்டு நியூயோர்க்கின் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107ஆவது மாடியில் அவர் உலகப் பட்டத்துக்காக ரஷ்ய வீரர் கஸ்பரோவுடன் மோதிய செய்திகள், கொழும்பிலிருந்து வரும் நாளிதழ்களில் ஓரிரு வரிகளாகவே எங்களுக்குக் கிடைத்தன. நகர்வுகள் முழுமையாக அச்சாகியிருந்த ஆங்கில விளையாட்டு இதழ்களைச் சென்னையிலிருந்த உறவினர் ஒருவர் பின்னர் அனுப்பிவைத்தார். உவர்மலையில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் பலகையை விரித்து அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம். முதல் எட்டு ஆட்டங்கள் சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் கஸ்பரோவ் முன்கூட்டியே ஆராய்ந்து வைத்திருந்த தாக்குதலொன்றில் கோட்டையையே பலிகொடுத்து வென்றார்; பின்னர் அதுவரை தன் வழக்கத்தில் இல்லாத சிசிலியன் டிராகன் தற்காப்பைக் கையிலெடுத்து மேலும் இரண்டு ஆட்டங்களைப் பறித்துக்கொண்டார். முடிவு 10.5க்கு 7.5. அன்று நண்பர்கள் சோர்ந்துபோனார்கள். எனக்கோ, உலகப் பட்டத்துக்கான நீண்ட போட்டியில் திறமை மட்டும் போதாது, எதிராளி எதிர்பாராத ஒன்றைச் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பதைக் கஸ்பரோவ் ஆனந்துக்குக் கற்றுக்கொடுத்த போட்டியாகவே அது தோன்றியது. அந்தப் பாடத்துக்கு ஆனந்த் 2008இல் விடையெழுதினார் என்று நான் நம்புகிறேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்ற ஆனந்த், சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் பெரியவர்களுடன் அதிவேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்தவர். தோற்றவர் இருக்கையை விட்டு எழவேண்டும், வென்றவர் தொடர்ந்து அமரலாம் என்பது அங்கிருந்த வழக்கம். எழும்பாமல் இருக்கவேண்டுமானால் வெல்லவேண்டும். வெல்லவேண்டுமானால் விரைந்து பார்க்கவேண்டும். 1983இல் இளையோர் தேசியப் பட்டம், 1987இல் உலக இளையோர் பட்டம், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அவர் ஏறிய படிகளெல்லாம் இந்த வேகத்துடன் வந்தவை.

எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், உடனே அவர்களும் கையை வேகமாக நீட்டத் தொடங்கிவிடுவார்கள். அதனால் 1996இல் ஸ்பெயினின் லாஸ் பால்மாஸில் அவர் ரஷ்ய வீரர் கார்ப்போவை வென்ற ஆட்டத்தை அவர்கள் முன் வைப்பேன். இருபதாவது நகர்வில் மந்திரியைக் கொண்டுபோய் எதிரி அரசனின் முன்னிருந்த சிப்பாயை வெட்டி, அந்த மந்திரியையே பலியிடுகிறார். அதற்கு முந்தைய நகர்வுகளைத் திரும்பிப் பார்த்தால், அவரது ஒவ்வொரு காயும் ஏற்கனவே அந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்பதைக் காணலாம். அவர் கை விரைவாக நகர்கிறதென்றால், காய்கள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் ஒழுங்கு அவருக்கு முன்பே அமைந்துவிட்டது என்று பொருள். ஒழுங்கு இல்லாத பலகையில் வேகம் ஆபத்து.

இனி, நான் மிகவும் நேசிக்கும் பான் போட்டிக்கு வருகிறேன். 2008 ஒக்டோபரில் ஜேர்மனியின் பான் நகரில் உலகப் பட்டத்துக்காக ரஷ்ய வீரர் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது, இராசாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்குபவர் என்று வாழ்நாள் முழுவதும் அறியப்பட்ட ஆனந்த், அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் பெரும்பாலான வெள்ளை ஆட்டங்களை இராணியின் சிப்பாயைக் கொண்டு தொடங்கினார். கிராம்னிக்கின் குழு எத்தனை காலம் உழைத்துத் தயாரித்ததோ, அந்தத் தயாரிப்பில் பெரும்பகுதி முதல் நகர்விலேயே பயனற்றுப்போயிற்று. மூன்றாவது ஆட்டத்தை நகரிலிருந்த இணைய நிலையமொன்றில் மாணவர்கள் சிலருடன் அமர்ந்து பார்த்தேன். கறுப்புக் காய்களுடன் மெரான் எனப்படும் தொடக்க அமைப்பை ஆடிய ஆனந்த், தன் அரசனைப் பாதுகாப்பான மூலைக்குக் கொண்டுபோகாமல் நடுவிலேயே விட்டுவிட்டு, திறந்துகிடந்த ஜீ நிரலில் (பலகையின் ஒரு செங்குத்து வரிசையில்) கோட்டையை நிறுத்தி, நீண்ட மூலைவிட்டத்தில் மந்திரியை அமர்த்தினார். அரசனைப் பத்திரப்படுத்து என்று நாங்கள் நாள்தோறும் சொல்லும் முதற்பாடத்துக்கே மாறாக இருந்ததால், மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஆபத்தில் இருந்தது வெள்ளை அரசன்தான். இரண்டு ஆட்டங்கள் கழித்து, ஐந்தாவதில், அதே அமைப்பை மீண்டும் ஆட அஞ்சாமல் அமர்ந்தார். கிராம்னிக் ஒரு சிப்பாயை எடுக்கப்போய், சில நகர்வுகளுக்குப் பின்னால் காத்திருந்த குதிரையின் ஒரு பாய்ச்சலைக் கவனிக்காமல் விட்டார். அத்துடன் ஆட்டம் முடிந்தது. ஆறாவதையும் ஆனந்த் வென்றார். இறுதிக் கணக்கு 6.5க்கு 4.5.

2010இல் சோபியாவில், பல்கேரிய வீரர் டொபலோவுடன் உலகப் பட்டப் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஏறத்தாழ 40 மணிநேரம் தரைவழியே பயணம் செய்து போய்ச் சேர்ந்தவர் முதல் ஆட்டத்தில் தோற்றார். மறு ஆட்டத்திலேயே பதிலளித்தார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 5.5க்கு 5.5 என்ற நிலையில் நடந்த கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் இருந்த டொபலோவ், சமநிலைக்குப் போனால் குறைந்த நேரத்தில் ஆடப்படும் துரித ஆட்டங்களில் ஆனந்தைச் சந்திக்க நேருமே என்ற தயக்கத்தால்தான் வரம்புமீறித் துணிந்தார் என்று பலரும் கருதுகிறார்கள். ஆனந்தோ பழமையான, உறுதியான லாஸ்கர் தற்காப்பை ஆடிக்கொண்டு பொறுத்திருந்தார். ஆடப்படாத அந்தத் துரித ஆட்டங்களின் நிழலே எதிராளியைத் தோல்விக்குள் தள்ளிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மொஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், இஸ்ரேலின் கெல்பண்டுக்கு எதிராக 6க்கு 6 என்று நின்றபோது, துரித ஆட்டங்கள் உண்மையாகவே நடந்தன; அங்கும் அவரே வென்றார்.

அவரை நேரில் கண்டது 2013 நவம்பரில், சென்னையில். நோர்வேயின் கார்ல்சனுடனான உலகப் பட்டப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டம், நவம்பர் 21. பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருந்தது. 5க்கு 3 என்று பின்தங்கியிருந்தவர் அன்று எல்லாவற்றையும் பணயம் வைத்து அரசனை நோக்கித் தாக்கினார். நடுவில் ஒரு நகர்வுக்கு நெடுநேரம் சிந்தித்தார். அரங்கில் இருந்த எல்லோரும் அவருடன் சேர்ந்து சிந்தித்தோம் என்றே சொல்லவேண்டும். மறுபக்கத்தில் கார்ல்சனின் சிப்பாய் ஓடிப்போய் இராணியாகி அரசனுக்கு முற்றுகை சொன்னது. மந்திரியால் மறைத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் குதிரையால் மறைத்தார். கார்ல்சனின் அடுத்த நகர்வுடன் ஆட்டத்தைக் கைவிட்டார். மறுநாள் பட்டம் கைமாறியது. அவருக்கு அது முடிவென்று பலர் எழுதினார்கள். தன் பிறந்த மாநிலத்தின் தலைநகரில், தன் மக்கள் பார்த்திருக்கப் பட்டத்தை இழந்த ஒருவர், எதிரே இருந்தவருடன் கைகுலுக்கிவிட்டுச் செய்தியாளர்களின் முன் அமர்ந்து கேள்விகளுக்கு விடையளித்ததை நான் அவரது வெற்றிகளுக்குக் குறைவாக எண்ணவில்லை.

இதற்குத் தொடர்ச்சியாகக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியது:

சேர், தங்களிடம் படித்தவன் நான். பான் ஆட்டத்தைப் பார்க்கத் தங்களுடன் அந்த இணைய நிலையத்தில் இருந்தவர்களில் ஒருவன். தாங்கள் கூறியவற்றை ஏற்றுக்கொண்டு, ஓர் இடத்தில் மட்டும் மரியாதையுடன் வேறுபட விரும்புகிறேன். பழைய பாணியை அவர் விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவர் எதையும் விட்டதில்லை, எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டே போனார் என்றுதான் படுகிறது. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சேயில் ஆர்மேனிய வீரர் ஆரோனியனை 23 நகர்வுகளில் வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கறுப்புக் காய்களுடன், அதே மெரான் அமைப்பில் ஆடியது. அதன் தொடக்கம் கெல்பண்டுடனான போட்டிக்காகத் தயாரித்து, அங்கே பயன்படாமல் எஞ்சியது. ஆனால் காய்களை ஒன்றன்பின் ஒன்றாக எதிராளியின் பிடிக்குள் வைத்துவிட்டு இரண்டு மந்திரிகளாலும் அரசனைக் குறிவைத்த அந்த முடிவு, டால் கழகத்துப் பையனின் கை. 1907இல் ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்துடன் அதை ஒப்பிட்டார்கள்.

சென்னைத் தோல்விக்குச் சில மாதங்களில், 2014 மார்ச்சில், ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்கில் நடந்த, உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேரும் தகுதிப் போட்டியின் முதல் சுற்றிலேயே அதே ஆரோனியனை வென்றார். ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெற்று, கார்ல்சனுக்கு எதிரே மறுபடியும் வந்து நின்றார். சோச்சியில் மீண்டும் தோற்றார் என்பதை மறைக்கவில்லை. எனினும் 2017இல் ரியாத்தில் நடந்த உலகத் துரித ஆட்டப் போட்டியில், 48 வயதில், கார்ல்சனையும் வென்று, சமநிலை முறிப்பில் பெடோசீவை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்துப் பட்டம் வென்றாரே, அது அவர் கைவிட்ட வேகமா?

இங்கு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு பான் மூன்றாம் ஆட்டத்தையும் ஆரோனியன் ஆட்டத்தையும் இரண்டு பலகைகளில் அருகருகே வைத்து, இராணி பக்கத்து மந்திரி எந்த நகர்வில் நீண்ட மூலைவிட்டத்துக்கு வருகிறது, அதன் வழி எப்போது திறக்கிறது என்று தேடச் சொல்கிறேன். சேரும் தங்கள் வகுப்பில் அவ்வாறு செய்து பார்த்து, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதவேண்டும்.