ரெண்டு டவருக்கு நடுவே புயல், எங்கள் வீட்டில் மட்டும் புழுக்கம்: ஏன்?

சி_பிளாக்_4வது_மாடி:
சென்னை ஓஎம்ஆரில் இருக்கிறோம். 19 மாடியில் ஏ, பி என்று ரெண்டு பிளாக் கடலைப் பார்த்துப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, எங்கள் சி பிளாக் அவற்றுக்குப் பின்னால். மதியம் கடற்காற்று ஏறியதும் அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதையில் குடை பிடிக்க முடியாது, நேற்று ஸ்கூட்டியே சாய்ந்துவிட்டது. ஆனால் எங்கள் பால்கனியில் காயப்போட்ட துணிகூட அசைவதில்லை. வாங்கும்போது "கடற்காற்று வீடு" என்றுதான் சொன்னார்கள்!

மொட்டைமாடி:
சந்து குறுகலாக இருப்பதால் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான். தரையோரம் மரம், வீடு எல்லாம் தடுப்பதால் காற்று மெதுவாக வரும், மேலே போகப் போக வேகம் கூடும். அந்த வேகக் காற்று அகலமான சுவரில் மோதினால் ஒரு பங்கு மொட்டைமாடியைத் தாண்டிப் போகும், மீதியில் கணிசமான பங்கு சுவரோடு சறுக்கி இறங்கி மூலைகளைச் சுற்றி ஓடும். உங்கள் சந்தில் வீசுவது பத்தாவது மாடிக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு, அப்புறம் ஸ்கூட்டி எப்படி நிற்கும்?

லீட்ஸ்வாசி:
இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்று 112 மீட்டர் கட்டடம் இருக்கிறது. 2011 மார்ச்சில் அதன் அடியில் காற்று ஒரு லாரியையே கவிழ்த்து, நடந்து போன ஒருவர் இறந்துபோனார். பிறகுதான் சாலைக்கு மேலே பெரிய தடுப்புப் பலகைகள் வைத்தார்கள். கட்டுவதற்கு முன்னால் சரியாகப் பார்த்திருந்தால் செலவும் குறைவு, உயிரும் போயிருக்காது.

ஹாங்காங்_ரிட்டர்ன்:
புழுக்கத்துக்குப் பதில் நான் சொல்கிறேன். ஏ, பி ரெண்டும் உங்களுக்குச் சுவர். ஹாங்காங்கில் கடலோரம் இப்படி வரிசையாக எழுப்பியதை மடக்குத் திரைக் கட்டடங்கள் என்றே திட்டுவார்கள். 2003 சார்ஸ் தொற்றுநோய்க்குப் பிறகு காற்றோட்டம் பெரிய பேச்சாகி, 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு வந்தது. உங்கள் வீட்டில் ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் பிரயோசனமில்லை, எதிர்ப்பக்கமும் திறந்தால்தான் காற்றுக்கு வெளியே போக வழி. அதற்கும் அசையவில்லை என்றால் சமையலறை எக்ஸாஸ்ட்தான்.

சி_பிளாக்_4வது_மாடி:
எதிர்ப்பக்கம் பொது காரிடார், கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுப் பூனை வந்துவிடுகிறது :) சரி, சந்துக்கு என்ன செய்யலாம்?

மொட்டைமாடி:
மூலையில் வண்டி நிறுத்துவதை முதலில் நிறுத்துங்கள். நடைபாதைக்கு மேலே, முதல் மாடி உயரத்தில், சுவரை ஒட்டி அகலமான சன்ஷேடு போட்டால் இறங்கும் காற்றை அங்கேயே வெளியே திருப்பிவிடலாம். ஆனால் அதற்கும் கீழிருந்து தூக்கும் விசை உண்டு, தகர ஷீட் போட்டுவிடாதீர்கள், ஸ்ட்ரக்சரல் என்ஜினியரிடம் கேட்டே போடுங்கள்.