அறுவைக்குப் பின் கையைக் கட்டுவது: பாதுகாப்பா, ஆள் பற்றாக்குறையா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 81 வயது, ஐந்தாண்டாக டிமென்ஷியா (மறதிநோய்). இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் என்னை வார்டுக்குள் விட்டார்கள். இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. டிரிப்ஸைப் பிடுங்குகிறாராம். கண்ணாடியும் காதுக்கருவியும் என் பையில் இருந்தன. தியேட்டருக்குள் கூடாது என்று அவர்களே கழற்றிக் கொடுத்தவை. கண் தெரியாமல் காது கேட்காமல் கிடப்பவர் பிடுங்காமல் என்ன செய்வார்?

இரவுப்பணி:
நான் செவிலியர். இரவில் 22 நோயாளிகளுக்கு நாங்கள் இருவர். போன மாதம் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்து, வைத்த மூட்டே நழுவிவிட்டது. விளக்கம் கேட்டது எங்களைத்தான்.

மயக்கவியலன்:
சிஸ்டர், கட்டினால் விழமாட்டார் என்பதே தவறான நம்பிக்கை. கட்டுண்டவர் இன்னும் திமிறுவார், குழப்பம் முற்றும். வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்க் குழாய் உறுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். 'வலிக்கிறதா?' என்ற கேள்விக்கு இவர்களால் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போகலாம். அதற்குத்தான் பெய்னாட் அளவுகோல்: மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் சேர்த்து 10 மதிப்பெண். ஐந்து நிமிட வேலை.

இரவுப்பணி:
ஐந்தை 22 ஆல் பெருக்குங்கள், டாக்டர்.

மயக்கவியலன்:
22 பேருக்குமா டிமென்ஷியா?

இரவுப்பணி:
சரி, நான்கு பேர் என்றே வையுங்கள். வலி மருந்தை 'தேவைப்பட்டால்' என்று எழுதிவிட்டுப் போவது யார்? கேட்கத் தெரியாதவருக்கு அது 'கொடுக்காதே' என்பதற்குச் சமம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் என்று எழுதுங்கள், கொடுக்கிறோம்.

மயக்கவியலன்:
இது நியாயம். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

வைகைக்கரை:
என்னை உள்ளே விட்டிருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம். பிரிட்டனில் 2014இல் தொடங்கிய 'ஜான்ஸ் கேம்பெயின்' கேட்டதும் இதைத்தான்: டிமென்ஷியா உள்ளவருடன் வீட்டார் தங்கும் உரிமை.

இரவுப்பணி:
தங்கட்டும், ஒருவர் மட்டும். இங்கே ஐந்து பேர் வருகிறார்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் காபியை ஊற்றுகிறார்கள். புரையேறினால் யார் பொறுப்பு?

வைகைக்கரை:
நான் காபி ஊற்றவில்லை. கட்டை அவிழ்த்ததும் அம்மா முந்தானையைத் தேடினார். ஆஸ்பத்திரி அங்கியில் முந்தானை ஏது? ஒரு துண்டைக் கையில் கொடுத்தேன். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டிரிப்ஸ் பக்கம் கையே போகவில்லை.

இரவுப்பணி:
துண்டு எனக்குத் தோன்றியதில்லை. இன்றிரவு ஏழாம் கட்டிலில் கொடுத்துப் பார்க்கிறேன். ஆனால் இன்றும் நாங்கள் இருவர்தான்.