மாலியில் மின்பாதை வேலை: போகிறவன் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

சங்கரன்கோவில்_முத்து:
என் தம்பியை மாலி நாட்டுக்கு மின்பாதை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு. 2025 ஜூலையில் காயெஸ் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூன்று இந்தியர்களைக் கடத்தினார்கள், நவம்பரில் கோப்ரி அருகே மின் வேலைக்குப் போன நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள் ஐந்து பேரை. ஏஜென்ட்டிடம் கேட்டால் "கேம்ப்பில் காவல் இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாச்சு, வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, கேட்க மாட்டேன் என்கிறான். கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

களப்பணி_ராஜா:
காயெஸில் ஆயுதத்தோடு ஆலைக்குள்ளேயே புகுந்துதான் தூக்கினார்கள், அதனால் காவல் இருக்கு என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். நான் தெற்கு சூடானில் நிவாரண வேலையில் இருந்தவன். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாதை சரியில்லை, இன்று சைட்டுக்குப் போக மாட்டேன் என்று அவன் சொன்னால் சம்பளம் பிடிப்பார்களா? பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் தராத கம்பெனிக்குப் போகவே கூடாது. கடத்துகிறவன் நாள்கணக்கில் வேவு பார்ப்பான். தினமும் காலை ஏழு மணிக்கு அதே வண்டி அதே வழியில் போனால் அவன் வேலை சுலபம். நாங்கள் கிளம்பும்போது ரேடியோவில் சொல்லுவோம், பாதி வழியில் ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை, குறித்த நேரத்தில் குரல் வரவில்லை என்றால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் பயணமே கிடையாது. ஃபேஸ்புக்கில் சைட் போட்டோ போடுவதையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்_செல்வி:
ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. பத்தாவது முடிக்காதவர்கள் போன்றோர் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று இந்திய அரசு வைத்திருக்கும் 18 நாடுகளில் ஈராக், லிபியா, ஏமன் எல்லாம் உண்டு, மாலி இல்லை. அதனால் கிளம்பும் முன் அரசுத் தரப்பில் யாரும் ஒப்பந்தத்தைப் பார்க்க மாட்டார்கள், நாம்தான் வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஏஜென்ட்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடுங்கள். போய் இறங்கியதும் பமாகோ இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிய வேண்டும்.

மரியநாதன்:
"உழைக்கப் போனவனை யார் என்ன செய்யப்போகிறார்கள்" என்று சிலர் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். சிவகங்கைப் பக்கத்து அலெக்சிஸ் பிரேம்குமார் அடிகளார் ஆப்கானிஸ்தானில் அகதிகளுக்காக உழைத்தவர். 2014 ஜூன் மாதம் ஹெராத் அருகே ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தினார்கள். விடுதலை 2015 பிப்ரவரியில்தான், எட்டு மாதத்துக்கு மேல். அவர் செய்த நல்லதெல்லாம் குறுக்கே வந்து நிற்கவில்லை.

சங்கரன்கோவில்_முத்து:
எல்லோருக்கும் நன்றி. ராஜா அண்ணா, மீறி ஏதாவது நடந்துவிட்டால்?

களப்பணி_ராஜா:
பிடிக்கும் அந்த முதல் சில நிமிடம்தான் மிக ஆபத்து, ஓடவோ எதிர்க்கவோ கூடாது, சொன்னதைச் செய்ய வேண்டும், கையை மெதுவாக அசைக்க வேண்டும். அப்புறம், தம்பிக்கு மட்டுமே பதில் தெரிந்த இரண்டு கேள்விகளை இப்போதே எழுதி வையுங்கள், உயிரோடு இருக்கிறானா என்று உறுதி செய்ய அதுதான் உதவும். சின்ன வயதில் வளர்த்த ஆட்டின் பெயர் மாதிரி, இணையத்தில் எங்கேயும் இல்லாததாக இருக்கட்டும். போன் வந்தால் பேச வீட்டில் ஒருவரை மட்டும் வையுங்கள், டிவிக்காரர்களிடம் வாய் திறக்கும் முன் வெளியுறவு அமைச்சகத்திடம் பேசுங்கள். ஐ.நா.வின் பிசேஃப் என்ற இலவச இணையப் பயிற்சி இருக்கிறது, டிக்கெட் போடும் முன் அதை முடிக்கச் சொல்லுங்கள் தம்பியை.