4 ஜிபி ரேமுக்கு எந்த லினக்ஸ் டெஸ்க்டாப்? ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க

மயிலை_டக்ஸ்: பழைய ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம். வேலை: பிரவுசர், லிப்ரே ஆபீஸ், யூடியூப், தமிழ் டைப்பிங். "சூப்பரா ஓடுது" மட்டும் போதாது, எங்கே மாட்டும் என்றும் எழுதுங்க.

பெரம்பூர்க்காரன்: எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி என்ற இரண்டு லேசான டெஸ்க்டாப்பும் சும்மா நிற்கும்போது ரேம் வித்தியாசம் அதிகபட்சம் ஒன்றிரண்டு நூறு எம்பி. நாலு டேப் திறந்தால் பிரவுசர் அதை முழுங்கிடும். ரேம் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. பார்த்தே ஆகணும்னா டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்து 'அவைலபிள்' பத்தியைப் பாருங்க. 'ஃப்ரீ' பத்தி குறைவாகத்தான் இருக்கும், மிச்ச ரேமை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டால் விட்டுடும்.

உண்மையில் பலன் தருவது ஸீராம், அதாவது ரேமிலேயே தரவைச் சுருக்கி வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் வசதி. டெபியன் லினக்ஸில் 'ஸீராம்-டூல்ஸ்' நிறுவி, அதன் செட்டிங்ஸ் கோப்பில் பெர்சென்ட் 50 என்ற வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை எடுத்துட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. குறி இருந்தால் அந்த வரி வெறும் குறிப்புதான்.

கிண்டி_ரூட்: என் ஓட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு. மூன்று இடத்தில் படுத்தும்.

லாக்-அவுட் பெட்டியில் 'சேவ் செஷன்' டிக் இருந்தால் ஒவ்வொரு தடவையும் பழைய விண்டோக்கள் எல்லாம் திறந்து, பூட் ஆமை வேகத்தில் போகும். டிக்கை எடுத்துட்டு, ஹோமில் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டருக்குள் 'செஷன்ஸ்' ஃபோல்டரை அழிக்கணும். டிக்கை மட்டும் எடுத்தால் பழசு அப்படியே நிற்கும்.

மூடியைத் திறந்ததும் கறுப்புத் திரையா? பல மெஷினில் திரையைப் பூட்டும் 'லைட்-லாக்கர்'தான் காரணம். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1, பிறகு எஃப்7 அழுத்தினால் பெரும்பாலும் மீளும். நிரந்தரத் தீர்வு: அதை நீக்கி எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த ஸ்க்ரீன்சேவரைப் போடுவது.

விண்டோ ஓரம் மவுஸில் சிக்காது. ஆல்ட் பிடித்துக்கொண்டு வலது பட்டனால் இழுங்க, ஓரத்தைத் தேடவே வேண்டாம்.

அடையாறு_99: எல்எக்ஸ்க்யூட்டியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் வருது, ஃபெதர்பேடில் வரலை". ஃபெதர்பேட் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் க்யூட்டி என்ற புரோகிராமிங் கருவியில் எழுதியது. ஐபஸை (தமிழ் டைப்பிங்குக்கான மென்பொருள்) தேடச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் இல்லையென்றால் அது கண்டுக்காது. ஐபஸ், ஐபஸ்-எம்17என், ஐஎம்-கான்ஃபிக் மூன்றையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக்கில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்-அவுட் செய்து உள்ளே வாங்க. பிறகு ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் → தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையைச் சேர்க்கணும். மாற்றிக்கொள்ள சூப்பர் (விண்டோஸ் கீ)+ஸ்பேஸ்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே ஒரு தமிழ்99 இருக்கும், அதை நம்பாதீங்க. அது ஒரு கீக்கு ஒரு எழுத்து என்று மட்டும் பார்ப்பதால், தானாகப் புள்ளி வைக்கும் வசதி கிடைக்காது.

இன்னொன்று, எல்எக்ஸ்க்யூட்டியில் விண்டோக்களைக் கையாளும் ஓப்பன்பாக்ஸுக்கு கம்போசிட்டர் (திரைக்காட்சியைச் சேர்த்துக் காட்டும் பகுதி) கிடையாது. அந்த வேலையைச் செய்யும் பைகாம் ஓடலைன்னா வீடியோவில் குறுக்கே கோடு விழும்.

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரெகுலர்: ஹார்ட் டிஸ்க்கோடு எந்த டெஸ்க்டாப் போட்டாலும் இழுவைதான். முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்க. ரேம் வாங்கும்போது ஸ்டிக்கரில் வோல்ட்டேஜ் பாருங்க: இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும், 1.5 வோல்ட் குச்சி போட்டால் திரையே வராமல் போகலாம். பழைய 1.5 வோல்ட் ஸ்லாட்டில் டிடிஆர்3எல் ஓடும். கடையிலேயே மாட்டி, ஆன் பண்ணிப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

மயிலை_டக்ஸ்: ஒரே மெஷினில் இரண்டையும் போட்டு ஒப்பிடலாமா?

கிண்டி_ரூட்: வேண்டாம் தல. ஆட்டோஸ்டார்ட் எல்லாம் கலந்து ஒரே பேனலில் இரண்டு நெட்வொர்க் ஐகான் வரும், நோட்டிஃபிகேஷன் எதில் வருதுன்னே தெரியாது. 8 ஜிபி பென்டிரைவில் லைவ் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) போட்டு, வைஃபை, சவுண்ட், லேப்டாப் மூடியை மூடித் திறப்பது, ப்ரைட்னஸ் கீ நாலையும் சோதிங்க. லைவில் வேகம் குறைவாகத்தான் தெரியும், அதை வைத்து மார்க் போடாதீங்க.