சிவனொளிபாத மலை இறங்கும்போது முழங்கால் வலி, உதவி தேவை

வணக்கம் எல்லாருக்கும். நான் ஹட்டன் பக்கம், வயசு 34. இந்த சீசன்ல ரெண்டு தடவ நல்லதண்ணி வழியா ஏறினேன், ராத்திரி ஒன்றரைக்கு தொடங்கி அஞ்சேகாலுக்கெல்லாம் மேல போய் மணியும் அடிச்சாச்சு, ஏறும்போது ஒரு வலியும் இல்ல. பிரச்சினை இறக்கத்துலதான். 5000க்கு மேல படி இருக்கே, பாதி இறங்கறதுக்குள்ள வலது முழங்காலோட வெளிப்பக்கம் ஊசி குத்துற மாதிரி வலிக்குது, ஒவ்வொரு படிக்கும் கம்பிய பிடிச்சு பக்கவாட்டுல கால வச்சுதான் வந்தேன். வீக்கம் இல்ல, மூணு நாள்ல தானா போயிடுது. சமதரையில எவ்வளவு நடந்தாலும் ஒன்னும் இல்ல.

முழங்கால் பட்டி போட்டேன், ஊன்றுகோல் எடுத்துட்டு போனேன், தைலம் தேச்சேன், சப்பாத்தும் மாத்தினேன், ரெண்டாவது தடவையும் அதே இடத்துல அதே வலி. டொக்டர் எக்ஸ்ரே எடுத்து எலும்புல ஒன்னும் இல்லன்னுட்டார்.

டிசம்பர் போயாவுக்கு (பௌர்ணமிக்கு) அடுத்த சீசன் தொடங்கினதும் அம்மாவ கூட்டிட்டு போகணும், அவங்களுக்கு நேர்த்தி இருக்கு, அவங்க கைய பிடிச்சு இறக்க வேண்டியவன் நான்தான்.

இதே மாதிரி வெளிப்பக்க வலி வந்து சரியானவங்க யாராவது இருந்தா, என்ன பயிற்சி செஞ்சு சரியாச்சுன்னு சொல்லுவீங்களா?