கார்னிவலில் ஒரு பின்னேரம்: தலைசுற்றும் நண்பியோடு எதில் ஏறலாம்?

மூதூர்க்கரை:
திருகோணமலை டவுனில் கார்னிவல் போட்டிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை நானும் நண்பியும் போகப் போகிறோம். 3 மணிக்கு டவுனில் இறங்கிவிடுவோம், இரவு 7 மணிக்கு பஸ் ஸ்ராண்டில் நிற்க வேண்டும். அவளுக்கு பஸ்ஸிலேயே தலைசுற்றும், ஆனால் ராட்டினத்தில் ஏறியே ஆக வேண்டும் என்கிறாள். எனக்கு மரணக் கிணறு பார்க்க ஆசை. எதை முதல் செய்வது, எதில் ஏறலாம், என்ன சாப்பிடலாம்? வளையம் எறிந்து பரிசு எடுக்கிறதுக்கு ஏதாவது முறை இருக்கிறதா?

உப்புவெளி வெல்டிங்:
தங்கச்சி, 3 மணிக்கு மைதானத்துக்குள் போகாதீர்கள். கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று) அடிக்கிற காலத்தில் அந்த நேரம் இரும்பு இருக்கையில் கை வைக்க ஏலாது, புழுதி வேறு. ஆட்கள் சேரும்வரை ராட்டினத்தையும் ஓட்டமாட்டார்கள். 4.30 வரைக்கும் பிரட்றிக் கோட்டைக்குள் மர நிழலில் இருங்கள். அங்கே மான்கள் கிட்ட வரும், ஷொப்பிங் பையோடு எதையும் நீட்ட வேண்டாம், பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஏறுகிற எதையும் முதலில் ஒரு முழு ஓட்டம் நின்று பாருங்கள். இங்கே நிலம் மணல். ராட்டினக் காலின் அடியில் அகலமான மரக் கட்டைகள் அடுக்கியிருக்க வேண்டும். ஓடும்போது அந்தக் கட்டை மணலுக்குள் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தால் ரிக்கற் எடுக்காதீர்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடுத்தது, பெட்டியைத் தாங்குகிற அச்சாணி. அது கழன்று வராமல் நுனியில் ஒரு சிறிய பின் குத்தியிருக்கும். அந்தத் துளையில் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ ஆணியோ தெரிந்தால் அதில் ஏறக்கூடாது. படிக்கட்டு இரும்பைத் தொட்டதும் விரலில் சுள்ளென்று கரண்ட் ஏறினால் எர்த் சரியில்லை. உடனே கையை எடுத்து, ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள்.

நண்பிக்குப் பெரிய ராட்டினம்தான் பொருத்தம், அது மெதுவாகச் சுற்றும். (1893இல் சிக்காகோ கண்காட்சிக்கு பெரிஸ் என்ற பொறியியலாளர் கட்டிய முதல் ராட்சத ராட்டினம் 80 மீற்றர் உயரம், 36 பெட்டி, ஒவ்வொன்றிலும் 60 பேர். நம்முடைய கார்னிவலுக்கு வருவது அதன் சின்னக் குட்டி.) தலைசுற்றல் வருவது உடம்பின் அசைவைப் பற்றிக் காது சொல்வதும் கண் சொல்வதும் பொருந்தாமல் போவதால். ஆகவே பெட்டிக்குள்ளேயோ போனையோ பார்க்காமல் தூரத்துக் கடல்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், தலையைத் திருப்பித் திருப்பிக் கதைக்கவும் வேண்டாம். தானும் சுற்றித் தட்டும் சுற்றுகிற கோப்பை ராட்டினம் அவருக்குக் கூடவே கூடாது.

கப்பல் ஊஞ்சலில் ஏறுவதென்றால் நடு வரிசையில் இருக்கட்டும். கப்பல் சாயும்போது கடைசி வரிசைதான் எல்லாவற்றிலும் உயரப் போகும். வயிறு தூக்கிப்போடுவது அங்கேதான்.

கொட்டியாரம்:
மரணக் கிணற்றைப் பற்றி. செங்குத்தான பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் விழாமல் இருப்பதற்குக் காரணம் ரயருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள உராய்வுதான். கிணற்றின் விட்டம் 9 மீற்றர், உராய்வுக் குணகம் (ரயர் பலகையை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 0.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 31 கிலோமீற்றருக்குக் குறைந்தால் சைக்கிள் சறுக்கும். அந்த வேகத்தில் ஓடுகிறவரைச் சுவரோடு அமத்துகிற விசை அவருடைய நிறையின் 1.7 மடங்கு. 40இல் ஓடினால் 2.8 மடங்கு. பலகை நனைந்து குணகம் 0.3க்கு இறங்கினால் விழாமல் இருக்கவே 44 வேண்டும். அதனால் தூறல் விழுந்தாலே காட்சியை நிறுத்துவதுதான் முறை. பலகை ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் அதைப் பார்க்கப் போகாதீர்கள்.

பார்ப்பதற்குக் கிணற்றின் மேல் விளிம்பில் நிற்கும்போது பலகை அதிரும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாலு சைக்கிள் சுற்றும்போது கிணறு முழுதும் அசையத்தான் செய்யும். ஆனால் விளிம்புக் கம்பிக்கு மேலால் குனியாதீர்கள், காசை நீட்டிப் பிடிக்காதீர்கள். ஓடுகிறவர் கையை விட்டு அதைப் பறிப்பார், ஒரு கணம் கணக்குத் தப்பினால் அவரும் நீங்களும் சேர்ந்து அகப்படுவீர்கள். கொடுக்க விருப்பமென்றால் காட்சி முடிந்த பிறகு கீழே போய்க் கொடுங்கள். சைலன்சர் இல்லாத சத்தம் அந்தக் கிணற்றுக்குள் பல மடங்காகக் கேட்கும், காதுக்குக் கொஞ்சம் பஞ்சு கொண்டு போங்கள். பெற்றோல் புகை மேலேதான் வரும், காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள். நண்பிக்கு அந்தப் புகையே காணும், தலை சுற்றிவிடும். ராட்டினத்தில் ஏறி இறங்கிய பிறகு கிணற்றுக்கு வாருங்கள்.

நிலாவெளி_71:
வளையத்துக்கு முறை இருக்கிறது, ஆனால் முதலில் அளவு பாருங்கள். பரிசு வைத்திருக்கிற 7 சென்ரிமீற்றர் சதுரக் கட்டையின் மூலைக்கு மூலை 9.9 சென்ரிமீற்றர். வளையத்தின் உள்வாய் 10.5 என்றால் மிச்சம் இருப்பது 6 மில்லிமீற்றர்தான். வளையம் மூலைப் பக்கமாக 20 பாகை சாய்ந்து விழுந்தாலே கட்டையில் இடித்து நின்றுவிடும். முழுதாக நிலத்தைத் தொட்டால்தான் பரிசு. கடைக்காரர் போட்டுக் காட்டும்போது கட்டைக்கு நேர் மேலே நின்று வளையத்தைக் கீழே விடுவார், நீங்கள் கயிற்றுக்கு வெளியே நின்று சரிவாக எறிகிறீர்கள். அந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் போகிறது.

வளையத்தைத் தட்டுப் பிடிப்பது மாதிரி மட்டமாகப் பிடியுங்கள், மேலே பெருவிரல், கீழே இரண்டு விரல். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மணிக்கட்டை மட்டும் வெட்டிச் சுழற்றி விடுங்கள். சுழல்கிற வளையம் சாயாது. நேரே முன்னால் எறியாமல் கண் மட்டத்துக்கு மேலே எழும்பி இறங்கும்படி விட வேண்டும். நேராகப் போகிறது கட்டையின் முன் விளிம்பில் பட்டுத் தெறித்துவிடும். மணிக்கூடு, காசுத்தாள் இருக்கிற கட்டைகள் எப்போதும் அகலமானவை. சவர்க்காரம், பிஸ்கற் பக்கற் வைத்த ஒடுங்கிய கட்டையைப் பாருங்கள். எவ்வளவு செலவழிப்பது என்று முதலே பேசி, அதை மட்டும் ஒரு பொக்கற்றில் வையுங்கள்.

பலூன் சுடுவதில் காற்றுக் குறைந்த பலூனில் குண்டு பட்டாலும் உடையாமல் வழுக்கும். பளபளவென்று இறுகியிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். முதல் இரண்டு குண்டையும் ஒரே பலூனுக்கு ஒரே மாதிரிக் குறிவைத்து, பலகையில் எங்கே படுகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் நாலு விரல் விலகினால் மூன்றாவதை இடப்பக்கம் நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள்.

கச்சான்கடை:
சாப்பாடு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். நண்பி மத்தியானம் கொஞ்சமாகச் சோறு சாப்பிட்டிருக்கட்டும், வெறும் வயிறும் குமட்டும். இறங்கி அரை மணித்தியாலம் கழித்து இஞ்சி போட்ட பிளேன்ரீ நல்லது.

இறால் வடையைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் விடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடக்கிறதும் வேண்டாம். இறால் பருப்போடு சேர்ந்து வியர்த்துப் போயிருக்கும். மாங்காய் அச்சாறு, அன்னாசி அச்சாறு வினாகிரியும் உப்பும் தூளும் போட்டுப் பிரட்டினது என்றால் பரவாயில்லை. தண்ணீர் வாளியில் மிதக்கிற வெட்டின பழம் வேண்டாம், கட்டி ஐஸ் உடைத்துப் போடுகிற சர்பத்தும் வேண்டாம்.

கச்சான் (நிலக்கடலை) வாங்கினால் மணலில் வறுத்தது வாங்குங்கள், பஸ்ஸில் கொறிக்க நிற்கும். அவித்த கச்சான் பின்னேரமாகும்போது கோதுக்குள் பிசுபிசுக்கும், ஒன்றை உடைத்து மணந்து பார்த்த பிறகு சொல்லுங்கள்.

தும்பு முட்டாஸ் கண்முன்னே சுற்றித் தந்தால் மட்டும் வாங்குங்கள். அது உருக்கின சீனியை நூலாக வீசி எடுப்பதுதான், கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்ச நேரத்திலேயே சுருங்கிக் கட்டியாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

மூதூர்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: அவளுக்குப் பயணத்துக்கு எடுக்கிற வாந்திக் குளிசை கொடுக்கலாமா?

உப்புவெளி வெல்டிங்:
பஸ்ஸுக்கு வழமையாக எடுக்கிறவர் என்றால் அதையே எடுக்கலாம், புதிதென்றால் பாமசியில் கேட்டுத்தான். தலை சுற்றின பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதலாவது போட வேண்டும். நித்திரை தூங்கும், ஆகவே திரும்பிப் போகும்போது பையை நீங்கள் பிடியுங்கள். சனிக்கிழமை 6 மணிக்குப் பிறகு ராட்டினத்துக்கு வரிசை நீளும், 4.30க்கு மைதானத்துக்குள் போனதும் முதலில் அதை முடித்துவிடுங்கள். 100 ரூபாத் தாளாக மாற்றிக்கொண்டு போங்கள், ரிக்கற் மேசையில் மிச்சக் காசுக்கு நிற்கிற நேரம்தான் அதிகம்.