வீட்டில் கஃபே ரேசர் கட்டியவர்களே, மனதைவிட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஈரோடு ரத்தினம்

கேட்பவன் நான்தான், அதனால் நானே முதலில் சொல்கிறேன். கஃபே ரேசர் என்றால் தெரியாதவர்களுக்கு: ஹேண்டிலைத் தாழ்த்தி, ஒற்றை சீட் வைத்து, எடையைக் குறைத்து மாற்றிய பைக். என்னுடையது 2004 ஸ்ப்ளெண்டர். அப்பா ஓட்டிய வண்டி. அவர் ஸ்கூட்டருக்கு மாறிய பிறகு மாட்டுக்கொட்டகையில் சும்மா நின்றது. கிளிப்-ஆன் (முன் ஃபோர்க்கில் இடது, வலது தனித்தனியாக மாட்டும் தாழ்ந்த ஹேண்டில்), வட்ட முன்விளக்கு, வெல்டிங் கூலி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஷாக் மாட்டும் இடத்துக்குப் பின்னால் சேசிஸை வெட்டி யு பைப் பற்றவைக்கிற வேலை உங்களுக்கே தெரியும். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மூன்று நாள் கை வைக்காமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக்கு எடுத்து வந்த, இரும்பு அறுக்கும் ஏஜி4 மெஷினை வைத்தேன். இடது பக்கம் அறுந்தது, வலது பக்கமும் அறுந்தது, பின்துண்டு ணங்கென்று தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். அம்மா பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும் கம்பி அதோடுதான் இருந்தது. பதினைந்து வருஷம் ஒரே இடத்தைப் பிடித்துப் பிடித்து, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பூச்சு போய் வழவழவென்று இருக்கும். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இனி உங்கம்மா எங்க கண்ணு உட்காருவா?"

கோபமே இல்லை, கேள்வியாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வண்டி முடிந்து எட்டு மாதம் ஆகிறது, நன்றாகவும் ஓடுகிறது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

மதுரை பாண்டி

எனக்கு கிளிப்-ஆன். பழைய பல்சர் 150, காயலான் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய பைப்பை வைத்து லேத்தில் கொடுத்துச் செய்தது. 1,100 ரூபாய்தான் ஆனது. கச்சிதமாக உட்கார்ந்தது. நேராக ஓட்டிப் பார்த்தேன், மாட்டுத்தாவணி வரை பிரச்சினையே இல்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் யு டர்ன். ஹேண்டிலை முழுசாக ஒடித்தேன், வலது கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கையை எடுக்க முடியவில்லை. ஆக்சிலரேட்டர் அதே கையில். இழுக்க இழுக்க வண்டி முறுக்கிக்கொண்டு போகிறது. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ. அதில் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இடது கையால் கிளட்சைப் பிடித்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். நகம் போனது, வேறு ஒன்றும் இல்லை.

அப்புறம் ரத்தினம், தப்பாக நினைக்காதீர்கள். 97 சிசி வண்டியை கஃபே ரேசர் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பேரில் ரேசர் இருக்கிறதே.

ஆர்எக்ஸ் திருச்சி

பாண்டி, சிசி பேச்சை விடுங்கள். என் ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி. அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டினேன், நடுவில் காலியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றவில்லை. ஒரு ஜெட் நூறு, இருநூறு ரூபாய். பட்ஜெட் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து போரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, கவ்வும். எல்லாம் தெரிந்துதான் போனேன்.

விராலிமலை தாண்டி நான்குவழிச் சாலை, எண்பதில் போகிறேன். சத்தம் திடீரென்று மெலிந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு இழுவை. பின்சக்கரம் நின்றுவிட்டது, கீழே ரப்பர் தேயும் வாசனை. கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டியது. ரோட்டோர மரத்தடியில் அந்த வெள்ளை பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், கூலி என்று 4,800 ரூபாய். மிச்சம் பிடித்தது ஒரு ஜெட்டின் விலை.

வடசென்னை குமாஸ்தா

என் சம்பவம் சின்னது. தம்பியின் வண்டிக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேலேயும் பட்டி போய்விட்டது. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரை வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார், ஒரு எழுத்தும் விழவில்லை. "இது யார் வண்டி?" என்றார். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. தின்னர் வாங்கி வந்து அங்கேயே துணியால் துடைத்தோம். முதல் எழுத்து தெரியும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இங்கே யாரும் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள், வண்டிக்கு இவ்வளவு என்று இல்லை. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இன்ஜினை மாற்ற முன் அனுமதி வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். ரத்தினம் வெட்டியது சேசிஸ், அது சைலன்சர் மாதிரி இல்லை. வெட்டாமலே கட்டலாம். சீட் போல்ட்டிலேயே உட்காரும்படி ஒற்றை சீட் செய்து, பழைய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்-ஆன் வேண்டாம், தாழ்ந்த ஹேண்டில் பார் பழைய கிளாம்பிலேயே உட்காரும். மட்கார்டை முழுசாக எடுக்காதீர்கள். இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட் இருக்கட்டும். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றுங்கள், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட்டையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், இல்லையென்றால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும். பெட்ரோல் டேங்கில் மட்டும் வீட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காலியான டேங்க்தான் ஆபத்து, உள்ளே நிற்கும் ஆவி போதும்.

திருப்பூர் பவர்டேபிள் அக்கா

தம்பி ரத்தினத்தை எதற்கு இப்படித் திட்டுகிறீர்கள்? அவர் அறிவுரை கேட்கவில்லை, மனசில் இருந்ததைச் சொன்னார். நீங்கள் சொன்ன வெல்டிங் விஷயம் உபயோகமானது, அதற்கு நன்றி.

நான் வண்டி கட்டவில்லை, என் தம்பிக்கு சீட் தைத்துக் கொடுத்தேன். கடையில் 3,500 கேட்டார்கள். ஸ்பான்ஞ், ரெக்சின் இரண்டும் 640 ரூபாய்க்கு வாங்கி வந்தான். பனியன் துணி தைத்தே பழகிய கை எனக்கு. தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தில் ரெக்சின் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. பவுடர் தடவித் தடவி, பழுப்பு ரெக்சினில் அரை இஞ்சுக்கு ஒரு குறுக்குத் தையல், மொத்தம் இருபத்தாறு வரி. ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி பதினொரு மணி வரை நான்கு நாள் தைத்தேன்.

முதல் மழையிலேயே தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. உட்கார்ந்தால் பிழிந்த துணி மாதிரி தண்ணீர் வரும். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஸ்பான்ஞ் மேல் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக் கொடுக்கிறேன், கழற்றிக் கொடு என்றேன். "பிரிக்க வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டு, மழைக்காலம் முழுக்க ஈர பேன்ட்டோடு வேலைக்குப் போனான். அந்த ஈர பேன்ட்டைக் கொடியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சைலன்சர் சேலம்

பாண்டிக்கு ஒரு பதில். 1950, 60களில் லண்டனில் நார்த் சர்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே வாசலில் நின்ற பையன்கள் பணக்காரர்கள் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் வண்டியைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள், ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், மணிக்கு நூறு மைல் தொட ஆசைப்பட்டார்கள். நார்ட்டன் சேசிஸ் நல்ல சேசிஸ், டிரையம்ஃப் இன்ஜின் நல்ல இன்ஜின், இரண்டையும் சேர்த்து டிரைட்டன் என்று ஓட்டினார்கள். அப்புறம்தான் கம்பெனிகள் அதைப் பார்த்து வண்டி போட்டன. ராயல் என்ஃபீல்டின் முதல் கான்டினென்டல் ஜிடி 1964இல் வந்தது, அதுவே 250 சிசிதான். கையில் இருக்கிற வண்டியை வேகமாக்குவதுதான் அப்போதும் நடந்தது. ஸ்ப்ளெண்டர் கையில் இருந்தால் ஸ்ப்ளெண்டர்.

என் சம்பவத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன், டேங்க் துரு விஷயம், பெரிய கதை.

மதுரை பாண்டி

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ரத்தினம், மன்னியுங்கள். அந்த வெட்டிய துண்டு இப்போது எங்கே?

ஈரோடு ரத்தினம்

மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். இரும்புக்கடைக்குப் போட மனசு வரவில்லை. குமாஸ்தா அண்ணா சொன்னது சரிதான், வெட்டாமலும் கட்டியிருக்கலாம். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அம்மா இப்போது அப்பாவின் ஸ்கூட்டரில்தான் சந்தைக்குப் போகிறார். அப்பா என் வண்டியில் இதுவரை ஏறவில்லை. போன வாரம் நான் கிளம்பும்போது வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "லூஸா இருக்குது, ஸ்பேனர் கொண்டா" என்றார்.